சித்தப்பாவுக்கு வராத மஞ்சள் காமாலை

"மஞ்சள் காமாலை நோயால் பாதிக்கப்பட்டு, நாட்டு வைத்தியம் செய்துகொண்டு படுத்த படுக்கையாக இருந்துவிட்டபடியால், மேற்படி வாய்தா தேதியில் கனம் நீதிமன்றத்தில் ஆஜராக இயலாமல் போய்விட்டது." என் சித்தப்பா கையெழுத்துப் போட்ட பிரமாணப் பத்திரத்தின் நான்காவது பத்தி இது. அவருக்கு மஞ்சள் காமாலை வந்ததே இல்லை. நாட்டு வைத்தியர் யாரிடமும் அவர் போனதும் இல்லை. வருடங்கள் ஓடிவிட்டன, அந்தப் பத்தி மட்டும் எனக்குள் இன்னும் ஆறவில்லை. கோர்ட்டுக்குப் போய்வந்து பழகியவர்கள் யாரிடம் இதைச் சொன்னாலும் அவர்கள் ஆச்சரியப்படுவதில்லை. தாமதத்தை மன்னிக்கச் சொல்லிக் கேட்கும் மனுக்களில் மஞ்சள் காமாலை அவ்வளவு வழக்கமான காரணம். நாட்டு வைத்தியமும் கூடவே வரும், ஏனென்றால் நாட்டு வைத்தியர் சீட்டு எழுதித் தருவதில்லை. சீட்டு இல்லையென்றால் ஆவணம் எங்கே என்று யாரும் கேட்க முடியாது என்று ஒரு கணக்கு. பொய் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எல்லோரும் பழகிப்போய்த் தாண்டிவிடுகிறார்கள். என்னால் தாண்ட முடியவில்லை.

நம்மில் பலரும் வழக்கு என்றால் தீர்ப்பு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிராது போட்டார்கள், சாட்சி சொன்னார்கள், ஜட்ஜ் தீர்ப்புச் சொன்னார் என்று மூன்று படிதான் மனதில் இருக்கிறது. உண்மையில் ஒரு சிவில் வழக்கின் ஆயுள் முழுக்க மனுக்களில்தான் கழிகிறது. சந்தில் சுவர் எழுப்பக் கூடாது என்று இப்போதே தடை வேண்டும், ஒரு மனு. இடத்தைப் போய்ப் பார்த்து அளந்து வர நீதிமன்றம் ஒரு ஆணையரை நியமிக்க வேண்டும், ஒரு மனு. பிராதில் சர்வே எண் தப்பாக விழுந்துவிட்டது, திருத்த வேண்டும், இன்னொரு மனு. தங்கையையும் கட்சிக்காரராகச் சேர்க்க வேண்டும், விசாரித்து முடித்த சாட்சியைத் திரும்ப அழைக்க வேண்டும், ஆஜராகாததால் தள்ளுபடியான வழக்கைத் திரும்பக் கோப்பில் எடுக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மனு. வக்கீல்கள் இதை ஐ.ஏ. என்பார்கள். தமிழில் இடைமனு, அல்லது இடைக்கால மனு. மூல வழக்குக்கு ஒரு எண், அதற்குள் ஒவ்வொரு மனுவுக்கும் தனி எண். ஒரே வழக்கில் ஏழெட்டு மனு என்பதெல்லாம் சாதாரணம். இந்த மனுக்களில் என்ன கேட்கப்பட்டது, ஏன் கேட்கப்பட்டது என்று தெரியாதவருக்கு அவருடைய வழக்கே தெரியாது. சித்தப்பாவுக்குத் தெரியாமல் இருந்தது. எனக்கும்தான்.

நாலடிச் சந்து

சித்தப்பா வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரு சந்து. தெருவிலிருந்து கொல்லை வரை போகும். இரண்டு வீட்டுக்காரர்களும் இரண்டு தலைமுறையாக நடந்த வழி. அந்தச் சந்து தனக்கு மட்டுமே பாத்தியப்பட்டது என்று விளம்புகை செய்ய வேண்டும், அதாவது நீதிமன்றம் அறிவிக்க வேண்டும், சித்தப்பா அதில் நுழையாதபடி நிரந்தர உறுத்துக்கட்டளை, அதாவது தடை உத்தரவு, வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர் 2017ல் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டார். ஜூனில் சம்மன் வந்தது. சித்தப்பா ஒரு வக்கீலைப் பார்த்து வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். பிராதுக்குப் பதிலான எதிருரையைத் தாக்கல் செய்ய சம்மன் கிடைத்த நாளிலிருந்து 30 நாள், நீதிமன்றம் நீட்டித்தால் 90 நாள் வரை அவகாசம். "தயார் செஞ்சுட்டுக் கூப்பிடுறோம், வந்து கையெழுத்துப் போட்டாப் போதும்" என்று வக்கீல் அலுவலகத்தில் சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் கூப்பிட்டார்களா, இவர் போனை எடுக்கவில்லையா என்பதில் இன்றுவரை இரண்டு பேச்சு இருக்கிறது. நான் அதற்குள் போகப் போவதில்லை. செப்டம்பரில் வழக்கு அழைக்கப்பட்டபோது எதிருரையும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. எக்ஸ்பார்ட்டி ஆனார், அதாவது அவர் இல்லாமலே வழக்கு நடக்கும் என்று ஆனது. டிசம்பரில் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்துவிட்டது. 2019 தை மாசம் முடிகிற சமயத்தில் சந்தின் வாயில் ஒரு இரும்புக் கேட் வந்து, அதில் பூட்டும் தொங்கியபோதுதான் தீர்ப்பு இருப்பதே சித்தப்பாவுக்குத் தெரிந்தது.

ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கச் சொல்லிக் கேட்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 9 விதி 13 இருக்கிறது. காலவரையறைச் சட்டத்தின் 123வது உறுப்புப்படி அதற்கு 30 நாள்தான். சம்மன் முறையாக வந்து சேராதவருக்குத் தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். சித்தப்பாவோ சம்மனை வாங்கிக் கையெழுத்துப் போட்டவர். அதனால் தீர்ப்பு நாளிலிருந்தே கணக்கு. அந்த 30 நாளும் போய், அதற்கு மேல் 412 நாள் ஓடியிருந்தது. ஆகவே இரண்டு மனு போட வேண்டும். 412 நாள் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி காலவரையறைச் சட்டம் பிரிவு 5ன் கீழ் ஒன்று, தீர்ப்பை நீக்கச் சொல்லி இன்னொன்று. முதல் மனு பிழைத்தால்தான் இரண்டாவதுக்கு எண்ணே விழும். அதுவரை அது கட்டுக்குள் சும்மா கிடக்கும். இந்தச் சின்ன விஷயம் எனக்குப் புரிய ஒரு மாதம் ஆனது. புரிந்த பிறகுதான், சித்தப்பாவின் நாலடிச் சந்து முழுக்க முழுக்க அந்த முதல் மனுவின் பிரமாணப் பத்திரத்தில், அதுவும் அதன் நான்காவது பத்தியில் நின்றுகொண்டிருக்கிறது என்பது உறைத்தது.

இரண்டு தாள், இரண்டு வேலை

நாம் மனு என்று பொதுவாகச் சொல்வது இரண்டு தாள்களை. மனு தனி, பிரமாணப் பத்திரம் தனி. மனு சின்னது. எந்த நீதிமன்றம், எந்த வழக்கு எண், யார் மனுதாரர், யார் எதிர்மனுதாரர், எந்தச் சட்டப் பிரிவின் கீழ் கேட்கிறோம், கடைசியில் என்ன உத்தரவு வேண்டும், அவ்வளவுதான். பழைய நடையில் அந்தக் கடைசி வரி "உத்தரவிடும்படி பிரார்த்திக்கிறேன்" என்று முடியும். மனுவை வாசிக்க உட்காருகிறவர்கள் முதலில் அந்தக் கடைசி வரியைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் அனுபவம். கேட்காததை நீதிமன்றம் சாதாரணமாகத் தருவதில்லை. சந்தில் நடக்கத் தடை கூடாது என்று மட்டும் கேட்டுவிட்டு, பூட்டைத் திறக்கச் சொல்லிக் கேட்க மறந்தால் பூட்டு அப்படியே இருக்கும். அடுத்துப் பார்க்க வேண்டியது சட்டப் பிரிவு. பிரிவு எண்ணைப் பார்த்தாலே கேட்பவருக்கு எதையெல்லாம் நிரூபிக்கும் பொறுப்பு இருக்கிறது என்று தெரிந்துவிடும். இடைக்காலத் தடை கேட்கும் கட்டளை 39 விதி 1, 2 என்றால் மூன்று விஷயம்: பார்த்த மாத்திரத்தில் நம் பக்கம் ஒரு வழக்கு இருப்பது, தடை தராவிட்டால் நமக்கு வரும் கஷ்டம் தந்தால் அவர்களுக்கு வரும் கஷ்டத்தைவிடப் பெரியது, பின்னால் பணத்தால் ஈடு கட்ட முடியாத இழப்பு. பிராதைத் திருத்தும் கட்டளை 6 விதி 17 என்றால், விசாரணை தொடங்கிய பிறகு வருகிறவர், உரிய கவனம் எடுத்தும் முன்பே இதைச் சொல்ல முடியவில்லை என்று காட்ட வேண்டும். பிரிவு 5க்கு ஒன்றே ஒன்று, போதுமான காரணம். பல மனுக்களின் தலையில் இதோடு 151 என்றும் சேர்த்திருப்பார்கள். நீதியின் பொருட்டு நீதிமன்றத்துக்கு இயல்பாகவே உள்ள அதிகாரத்தைச் சொல்லும் பிரிவு அது. வேறு பிரிவு பொருந்தாமல் போனாலும் இதாவது தாங்கட்டும் என்று சேர்ப்பது பழக்கம்.

பிரமாணப் பத்திரம் வேறு ஜாதித் தாள். அதில் பேசுவது வக்கீல் இல்லை. "இவ்வழக்கில் கண்ட பிரதிவாதியும் மனுதாரரும் நானே. வழக்கின் சங்கதிகள் யாவும் எனக்கு நன்றாகத் தெரியும்" என்று ஆரம்பிக்கும். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நான், நான், நான்தான். சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து சொல்வதைத் தாளில் சொல்வதுதான் பிரமாணப் பத்திரம். தன் சொந்த அறிவில் நிரூபிக்கக்கூடிய சங்கதிகளை மட்டும்தான் அதில் சொல்ல வேண்டும் என்று கட்டளை 19 விதி 3 சொல்கிறது. இடைமனுக்களில் மட்டும், நான் இப்படி நம்புகிறேன் என்று சொல்ல இடம் உண்டு, அதுவும் எதனால் நம்புகிறேன் என்று கூடவே சொன்னால். தெரிந்தே பொய் சொன்னால் அது பொய்ச்சாட்சியம். அப்போது இந்திய தண்டனைச் சட்டம் 193வது பிரிவு, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதா 229வது பிரிவு. நீதிமன்ற நடவடிக்கையில் சொன்ன பொய்ச்சாட்சியத்துக்கு ஏழு வருடம் வரை சிறை உண்டு. இவ்வளவு கனமுள்ள தாளில், மேஜைமேல் குனிந்து, குமாஸ்தா விரல் வைத்துக் காட்டிய இடங்களில், பேருந்துக்கு நேரமாகிறதே என்ற அவசரத்தில் சித்தப்பா கையெழுத்துப் போட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பேனாவை எடுத்துக் கொடுத்ததே நான்.

நல்ல தமிழில்தான் அந்தத் தாள் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். உயர் நீதிமன்றமாக இருந்திருந்தால் ஆங்கிலம், நமக்கு எட்டாது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். கீழமை நீதிமன்றத்தில் தமிழிலேயே மனு போடலாம், எங்கள் வக்கீலும் தமிழில்தான் போட்டிருந்தார். 'சங்கதி', 'மேற்படி', 'கனம்' என்று நாலு பழைய வார்த்தைகள் இருந்தனவே தவிர, உட்கார்ந்து படித்திருந்தால் பத்து நிமிடத்தில் எல்லாம் புரிந்திருக்கும். எதிர்த் தரப்பு ஆகஸ்டில் கவுண்டர், அதாவது எங்கள் மனுவுக்குப் பதில், போட்டது. அதுவும் தமிழ்தான். "மனுவில் கண்ட சங்கதிகள் யாவும் உண்மைக்குப் புறம்பானவை, மஞ்சள் காமாலை என்பது இவ்வழக்குக்காகப் புனையப்பட்டது, அதை மனுதாரரே தக்க சாட்சியம் கொண்டு நிரூபிக்க வேண்டும்" என்று எழுதியிருந்தார்கள். அந்த நகலையும் வாங்கி நான் பைக்குள் வைத்தேன். படிக்கவில்லை. கவுண்டர் என்றால் எதிராளி திட்டித்தானே எழுதியிருப்பான் என்று விட்டுவிட்டேன்.

திண்ணையில்

2019 நவம்பரில் மனு விசாரணைக்கு வந்தது. சித்தப்பா கூண்டில் ஏற வேண்டும் என்று வக்கீல் சொன்னார். அதற்கு முந்தின நாள் ராத்திரி, சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். நாளைக்கு என்ன கேட்பார்களோ, மனுவில் என்னதான் எழுதியிருக்கிறது, வாசித்துக் காட்டு என்று சித்தப்பா கேட்டார். கண்ணாடி போட்டும் அவருக்குப் பொடி எழுத்து தெரியாது. நான் சத்தமாக வாசித்தேன். முதல் மூன்று பத்திக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். நாலாவது பத்தியை வாசித்ததும் தலை நின்றுவிட்டது. "எனக்கு எப்பம்மா மஞ்சக் காமாலை வந்துச்சு?" என்றார். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தான் எதையோ மறந்துவிட்டோமோ என்று கேட்கிற மாதிரி இருந்தது. எனக்குப் பதில் வரவில்லை. திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "உங்க சித்திய ஒரு வரி கூடச் சொல்லலையே இதுல" என்றார்.

சித்திக்கு 2017 ஜூலையில் இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. பக்கத்து டவுன் ஆஸ்பத்திரிக்கு காலையில் ஆறு மணிக்குக் கிளம்பினால் திரும்ப மூன்று மணி ஆகும். வீட்டு முன்வாசல் படி உயரம், சித்தியால் இறங்க முடியாது. கொல்லைப்புறமாகச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, அந்தச் சந்து வழியாகத்தான் தெருவில் நிற்கும் ஆட்டோவுக்குச் சித்தப்பா தள்ளிக்கொண்டு வருவார். ஒரு வருடத்துக்கு மேல் அவர் வேறு எதையும் யோசிக்கவில்லை. 2018 செப்டம்பரில் சித்தி போய்விட்டார். அதற்குப் பிறகு நாலைந்து மாதம் அவர் தபாலைக் கூடப் பிரிக்கவில்லை. வழக்கு ஒன்று இருப்பது அவருக்கு ஞாபகம் இருந்ததா என்றே எனக்குச் சந்தேகம்.

அந்த ராத்திரி பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துவந்தார். சித்தியின் டயாலிசிஸ் அட்டை, டிஸ்சார்ஜ் சம்மரிகள், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், மருந்துச் சீட்டு எல்லாம் ரப்பர் பேண்டு போட்டு அடுக்கியிருந்தது. ஒன்றைக் கூட அவர் தூக்கிப் போடவில்லை. நான் போனில் நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் செயலியைத் திறந்து, ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டேன். வழக்கு எந்தெந்தத் தேதியில் அழைக்கப்பட்டது, அன்று என்ன நடந்தது என்று வரிசையாக வந்தது. சித்தப்பா எக்ஸ்பார்ட்டி ஆன நாள் 2017 செப்டம்பர் 14. வியாழன். அட்டையில் பார்த்தேன், 14/9 என்று எழுதி, எடை எழுதி, நர்ஸ் சுருக்கெழுத்துப் போட்டிருந்தார். தீர்ப்பான நாள் டிசம்பர் 12. செவ்வாய். அதுவும் அட்டையில் இருந்தது. அன்றைக்கு ரத்த அழுத்தம் இறங்கிப் பாதியில் நிறுத்தினார்கள் என்று குறிப்புக் கூட இருந்தது. கோர்ட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்ட இரண்டு காலையிலும் சித்தப்பா எங்கே இருந்தார் என்பதற்குத் தேதியும் முத்திரையும் போட்ட அத்தாட்சி அந்தப் பையில் இரண்டு வருடமாக இருந்திருக்கிறது. நாங்கள் கோர்ட்டுக்குக் கொண்டு போனதோ, அத்தாட்சியே இருக்க முடியாத ஒரு வியாதியை.

இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது. உண்மை பலவீனமாக இருந்து, அதை மறைக்க ஒரு பொய் தேவைப்பட்டிருந்தால் அது ஒரு மாதிரி. இங்கே உண்மை திடமாக இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஏன் வரவில்லை என்று வக்கீல் அலுவலகத்தில் யாராவது ஒரு நிமிடம் கேட்டிருந்தால் சித்தப்பா சொல்லியிருப்பார். ஏன் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் என்று நாங்கள் ஒரு நிமிடம் கேட்டிருந்தாலும் போதும். அவர்கள் கணினியில் ஏற்கெனவே இருந்த ஒரு பத்தி எங்களுக்கும் வந்து சேர்ந்தது. அந்த அலுவலகத்தைக் குற்றம் சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் ஒரு நாளைக்கு இருபது கட்டு பார்க்கிற இடம் அது. கட்டுக்குள் இருக்கிற மனுஷனைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியவள் நான்தானே. படித்தவள் என்றுதான் என்னைக் கூட அழைத்துப் போனார்கள்.

காரணமும் நாள் கணக்கும்

மறுநாள் காலையில் கோர்ட் வாசலிலேயே வக்கீலிடம் பையைக் காட்டினோம். அவர் நெடுநேரம் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். "ஐயா, இதை முதல்லயே கொடுத்திருந்தா நான் ஏன் காமாலை போடப் போறேன்" என்றார். பிறகு, இப்போது மாற்றினால் முதலில் சொன்னது பொய் என்று ஆகிவிடும், அதுவே ஆபத்து, பேசாமல் காமாலையிலேயே நின்றுவிடலாம் என்றும் சொன்னார். எழுதியது மாறினால் நம்பகத்தன்மை போகும் என்பது தொழில் தெரிந்தவர் பேச்சு, அதைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். சித்தப்பா மட்டும் அசையவில்லை. "சார், நான் மேல ஏறி அதைச் சொல்ல மாட்டேன்" என்று ஒரே வார்த்தை. அன்று வாய்தா வாங்கினோம். கூடுதல் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய அனுமதி கேட்டு ஒரு மனு போட்டோம், அதற்கும் எதிர்ப்பு வந்து, அதன் பிறகு அனுமதி கிடைத்தது. இந்த முறை வரைவை வீட்டுக்கு வாங்கி வந்து வரி வரியாக வாசித்தோம். முதல் பத்திரத்தில் சொன்ன காரணம் சரியல்ல, அதை வாசிக்காமல் கையெழுத்திட்டேன், அதற்கு வருந்துகிறேன் என்ற பத்தியைச் சித்தப்பாவே சொல்லச் சொல்ல ஜூனியர் எழுதினார்.

அந்த வாரங்களில் தாமதம் பற்றிக் கொஞ்சம் படித்தேன். 412 என்ற எண்ணே எனக்குப் பயமாக இருந்தது. நாள் கூடக் கூடக் கதவு மூடிக்கொண்டே வரும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. 1998ல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 883 நாள் தாமதத்தை உச்ச நீதிமன்றம் மன்னித்திருக்கிறது. தன் வக்கீல் தனக்குத் தகவல் சொல்லவில்லை என்பது அந்தக் கட்சிக்காரரின் காரணம். கீழ் நீதிமன்றம் ஏற்றதை உயர் நீதிமன்றம் மறுத்து, உச்ச நீதிமன்றம் திரும்ப ஏற்றது. தாமதம் எத்தனை நாள் என்பது முக்கியமில்லை, சொல்லும் விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதே அளவுகோல் என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். சில சமயம் சின்னத் தாமதம் கூட மன்னிக்க முடியாமல் போகும், பெரிய தாமதம் மன்னிக்கப்படும். அதற்கும் முன்னால் 1987ல் இன்னொரு தீர்ப்பு, ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் விளக்கம் வேண்டும் என்று கறாராகக் கேட்டால் ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொரு நொடிக்கும் ஏன் கேட்கக் கூடாது என்ற அர்த்தத்தில் கேட்டிருக்கிறது. எதிருரைக்கான 90 நாள் கெடு விஷயத்திலும் இதே போக்குதான். 1999, 2002 திருத்தங்களை எதிர்த்து சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில், விதிவிலக்கான சூழலில் அந்தக் கெடுவையும் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2005ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதையெல்லாம் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று பிடிபட்டது. சட்டம் கேட்டதெல்லாம் காரணம்தான். எழுத இடமும் விட்டிருந்தது, நாங்கள்தான் அந்த இடத்தில் அச்சடித்த ஒரு வாக்கியத்தை ஒட்டிவிட்டு வந்திருக்கிறோம்.

டிசம்பரில் சித்தப்பா கூண்டில் ஏறினார். எங்கள் வக்கீல் டயாலிசிஸ் அட்டையையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் சித்தியின் இறப்புச் சான்றிதழையும் மனுதாரர் தரப்புச் சான்றாவணங்களாகக் குறியீடு செய்தார். அந்தப் பழைய அட்டையின் மூலையில் பெஞ்ச் கிளார்க் முத்திரை குத்தும் சத்தம் எனக்குப் பின்வரிசை வரை கேட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். அவருடைய முதல் கேள்வியே நாங்கள் எதிர்பார்த்ததுதான். "முதல் பிரமாணப் பத்திரத்தில் உங்களுக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லியிருக்கிறீர்கள், அது பொய்தானே?" சித்தப்பா, "ஆமாங்கய்யா, பொய்தான்" என்றார். வக்கீல் அடுத்த கேள்விக்குத் தாளைப் புரட்டுவதற்குள், யாரும் கேட்காமலே, "வாசிக்காமக் கையெழுத்துப் போட்டுட்டேங்க. தப்பு என்னோடதுதான்" என்றும் சேர்த்துச் சொன்னார். ஜட்ஜ் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகும் ஏழெட்டுக் கேள்வி. மற்ற நாட்களில் கோர்ட்டுக்கு வந்திருக்கலாமே, வக்கீலுக்குப் போன் செய்திருக்கலாமே, மனைவி இறந்த பிறகு ஐந்து மாதம் என்ன செய்தீர்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் அவரால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. "ஒண்ணும் செய்யலைங்க" என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

2020 ஜனவரியில் உத்தரவு வந்தது. மனு அனுமதிக்கப்பட்டது, எதிர்மனுதாரருக்கு மூவாயிரம் ரூபாய் செலவுத்தொகை கட்ட வேண்டும், குறித்த தேதிக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடி. முதல் பிரமாணப் பத்திரத்தை நீதிமன்றம் கண்டித்து ஒரு பத்தி எழுதியிருந்தது. செலவுத்தொகை அதற்காகத்தான் என்றும் இருந்தது. அது நியாயம். ஒரு பொய்யைப் படித்து, அதற்குப் பதில் எழுதி, அதை எதிர்த்து வாதாட அந்தப் பக்கமும் காலையில் கிளம்பி வந்துபோயிருக்கிறது. மூவாயிரத்தையும் அன்றைக்கே கட்டினோம். ரசீதை சித்தப்பா அதே பிளாஸ்டிக் பையில் வைத்தார். தீர்ப்பை நீக்கும் மனுவுக்கு அதன் பிறகு எண் விழுந்தது, அதுவும் அனுமதியாகி வழக்கு திரும்பக் கோப்புக்கு வந்த சில நாளில் கொரோனா வந்து கோர்ட் மூடியது.

ஒரு வார்த்தை

வழக்கு இன்னும் நடக்கிறது. கேட் அப்படியே இருக்கிறது, பூட்டு மட்டும் இல்லை. கோர்ட்டுப் படி ஏறுகிற சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் யாராவது என்னிடம் வந்தால் நான் கேட்பது இரண்டே விஷயம்தான். உங்கள் மனுவின் கடைசி வரியில் என்ன கேட்டிருக்கிறது, பிரமாணப் பத்திரத்தில் உங்கள் வாயால் என்ன சொல்லியிருக்கிறது. முக்கால்வாசிப் பேர் வக்கீலுக்குத் தெரியும் என்கிறார்கள். அது அவர் மேல் உள்ள நம்பிக்கை, அதில் தப்பில்லை. ஆனாலும் கூண்டில் ஏறும்போது வக்கீல் கீழேதான் நிற்பார். நகல் கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று பலர் பயப்படுகிறார்கள். எங்கள் வக்கீல் இப்போது வரைவை முதல் நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார். வாசிக்கிற கட்சிக்காரர் இருந்தால் அவருக்கும் வேலை சுலபமாகத்தான் இருக்கிறது.

2023ல் பக்கத்து வீட்டுக்காரர் கட்டளை 26 விதி 9ன் கீழ் ஒரு மனு போட்டார். ஆணையரை நியமித்துச் சந்தை அளந்து அறிக்கையும் வரைபடமும் தாக்கல் செய்ய வேண்டும் என்று. அளப்பதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, இரண்டு தரப்புக்கும் முன்னறிவிப்புக் கொடுத்து, நில அளவரை உடன் வைத்துக்கொண்டு அளக்க வேண்டும் என்று மட்டும் கவுண்டர் தயாரானது. வரைவு வந்த அன்று வழக்கம்போல நான் திண்ணையில் உட்கார்ந்து வாசித்தேன். மூன்றாவது பத்தியில் "சுமார் 4 அடி அகலமுள்ள மேற்படி சந்து" என்று வந்தது. சித்தப்பா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். உள்ளே போய் டேப்பை எடுத்துவந்து ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொன்னார். தெருப் பக்கம் 4 அடி 3 அங்குலம். நடுவில், சித்தியின் நாற்காலிச் சக்கரம் உரசி உரசிச் சுவரில் காரை பெயர்ந்த இடத்தில், 4 அடி 1 அங்குலம். கொல்லைப் பக்கம் மறுபடி 4 அடி 3. மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வக்கீலுக்குப் போன் போட்டார். "சார், அந்த 'சுமார்' வேண்டாம்" என்று ஆரம்பித்து மூன்று அளவையும் நிதானமாகச் சொன்னார்.